சித்திரைப் பூக்களை வரையும்போது செய்யும் தவறுகள்

கானாடுகாத்தான் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து பூ வரைவது எனக்கும் என் நண்பனுக்கும் பல வருடப் பழக்கம். அவன் இறந்தபின் இது இரண்டாவது சித்திரை. தனியாகப் போகும்போதுதான் எவ்வளவு தவறு செய்கிறேன் என்பது தெரிகிறது.

முதல் தவறு, தரையில் தேடுவது. நாள்காட்டிப் படங்களில் வரும் குளிர்நாட்டு வசந்தத்தை நினைத்துக்கொண்டு செட்டிநாட்டுச் செம்மண் பொட்டலில் பூக்கம்பளம் தேடக்கூடாது. இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தும்பை, விஷ்ணுகிரந்தி போன்ற சிறு செடிகளுக்கு அதையொட்டிய மாதங்கள்தான் கொண்டாட்டம். சித்திரையில் அண்ணாந்து பார்க்க வேண்டும்: வேம்பு, புங்கு, சரக்கொன்றை. கம்பளம்தான் வேண்டுமென்றால் புங்கமரத்தடிக்குப் போங்கள். உதிர்ந்த பூவைப் பொரி சிதறியதற்குச் சங்கப் புலவர்களே ஒப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, எண்ணாமல் வரைவது. கொன்றை என்றதும் கை தானாக மஞ்சள் பொட்டுகளை வைத்துச் சரமாக்கிவிடும். கிளையைத் தாழ்த்திப் பாருங்கள். இதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து. அந்தப் பத்தில் மூன்று மட்டும் நீண்டு தூண்டில் முள்போல் வளைந்திருக்கும். சரத்தில் மேலே உள்ளவை முதலில் விரியும், நுனியில் மொட்டுகளே இருக்கும். எருக்கிலும் ஒரு கணக்கு உண்டு: ஒரு ஜோடி இலை கிழக்கு மேற்காக நின்றால், அடுத்த ஜோடி தெற்கு வடக்காக நிற்கும். தும்பைத் தண்டை விரலில் உருட்டினால் உருளாது, சதுரம். என் படத்தை நண்பன் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "எண்ணினாயாடா?" என்று மட்டும் கேட்பான். எரிச்சலாக வரும். ஆவாரம்பூவுக்கு நான் ஆறு இதழ் போட்டதை ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

வெள்ளைப் பூவுக்கு வெள்ளைச் சாயம் தேடாதீர்கள். பின்னாலிருக்கும் இலையின் பச்சையைத் தீட்டினால் பூ தாளிலேயே மிஞ்சும். ஒன்பது மணிக்குமேல் வெயிலில் உட்கார வேண்டாம், தாள் கண்ணைக் கூசும். எருக்கை ஒடித்த கையால் கண்ணைத் தொடவே கூடாது. அந்தப் பால் பார்வையைப் பாதிக்கும்.

இன்னொரு தவறு, போனவருக்காக வரைவது. அவன் நோட்டில் பாதியில் நின்றிருந்த கொன்றைச் சரத்தை முடித்து, கீழே நாலு வரி எழுதி, அவன் வீட்டில் கொடுக்கலாம் என்று போன வருடம் உட்கார்ந்தேன். அவனுடைய கோடு மெலிது, ஒரே இழுப்பு. என்னுடையது தடவித் தடவிப் போகும். இரண்டும் ஒட்டவில்லை. எழுதிய வரியோ அதைவிட மோசம்: 'என்றும் சிரித்த முகம்'. அவன் சரியான முசுடு. போட்ட கோட்டையும் எழுதிய வரியையும் ரப்பரால் அழித்துவிட்டேன்.

இந்த வருடம் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டு, என் நோட்டில் என் கொன்றையை வரைந்து, தேதியும் ஊரும் எழுதினேன். வீட்டுக்கு வந்தபின் எண்ணினால், நீண்ட மகரந்தத்தாள் இரண்டுதான் இருந்தன.