மாடியில் சோலார்: கடலூர்ப் பக்கத்துக் கிராம வீடுகள் மானியம் வாங்குவது எப்படி?

மாடியில் சோலார் போட்டால் அரசு பணம் தருகிறது என்ற செய்தி நம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பணம் எப்போது வரும், யார் கணக்கில் ஏறும் என்பதுதான் இன்னும் பலருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் புகுந்து முன்பணம் வாங்குகிறார்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: பேனல் மாட்டி, மீட்டர் மாற்றி, கரண்ட் ஓட ஆரம்பித்த பிறகுதான் மானியம் வரும். அதுவும் விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். நடுவில் யார் கைக்கும் போகாது.

இது மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளுக்காக ரூ.75,021 கோடி ஒதுக்கி ஒப்புதல் கொடுத்தார்கள். மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000தான்.

படி 1: எத்தனை கிலோவாட் என்று கணக்குப் போடுங்கள்

கடைசி ஆறு கரண்ட் பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். நம்மூரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அதைச் சுமார் 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். ஏ.சி., மோட்டார் என்று 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடுகளில் கட்டண அடுக்கே மாறி பில் எகிறும். அவர்களுக்குத்தான் இதில் பெரிய லாபம்.

முதல் 100 யூனிட் இலவசத்திலேயே பில் அடங்கிவிடுகிற வீட்டுக்கு இது இப்போதைக்குத் தேவையில்லை. விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் தென்னைதான் பிரச்சினை. காலை ஒன்பது, மதியம், மாலை மூன்றரை என்று மூன்று முறை மாடி ஏறிப் பாருங்கள். ஒரே ஒரு பேனலின் மூலையில் மட்டை நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்திருக்கும் மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம்.

படி 2: இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

விண்ணப்பங்கள் அதிகம் சிக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கிராமத்தில் பல வீடுகளில் மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ ஓடிக்கொண்டிருக்கும். பில் கட்டுவதற்கு அது தடையாக இருந்ததில்லை, யாரும் கவலைப்பட்டதும் இல்லை. ஆனால் மானிய விண்ணப்பத்தில் மின் இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே ஆள் இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால்கூட இழுத்தடிக்கும்.

எனவே சோலார் பேச்சை எடுப்பதற்கு முன்பே பெயர் மாற்றத்துக்கு மனுப் போடுங்கள். மின்வாரிய இணையதளத்திலேயே செய்யலாம், பிரிவு அலுவலகத்திலும் கேட்கலாம். வீட்டு வரி ரசீது, பத்திரம், வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். அண்ணன் தம்பிகள் இருந்தால் அவர்களிடம் சம்மதக் கடிதமும் எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 3: பதிவு

பிஎம்சூர்யகர் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் பதிய வேண்டும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள், ஏறக்குறைய அதே பெயரில் போலித் தளம் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். மாநிலம், மின் வழங்கும் நிறுவனம், இணைப்பு எண் கேட்கும். பாகூர், கன்னியக்கோவில் பக்கம் இருப்பவர்கள் புதுச்சேரியையும் அதன் மின்துறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மாவட்ட ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் கலந்து கிடக்கும் இடம் என்பதால் சொல்கிறேன்.

கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். “நானே பதிஞ்சு தர்றேங்க” என்று நிறுவனத்து ஆள் தன் எண்ணைப் போட்டுவிட்டால் அப்புறம் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும். நெட் சரியாக எடுக்காவிட்டால் இ-சேவை மையத்தில் போய்ச் செய்யுங்கள், ஓ.டி.பி.யை மட்டும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

10 கிலோவாட் வரை, அந்த இடத்து லைனில் சோலாரைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதியைத் திருத்திவிட்டார்கள். ஆகவே இந்தக் கட்டம் சீக்கிரம் முடியும்.

படி 4: யாரிடம் கொடுப்பது

தளத்தில் பதிவுபெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாதவரிடம் போட்டால் மானியம் கிடையாது. மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். பேனல் இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டதாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனலா என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். விலைப்பட்டியலிலும் அந்த வார்த்தை எழுதியிருக்க வேண்டும். ஐந்து வருடப் பராமரிப்பு, நெட் மீட்டர் (லைனிலிருந்து வாங்கும் கரண்டையும் மிஞ்சி லைனுக்கு அனுப்பும் கரண்டையும் கணக்கெடுப்பது) செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும்.

எல்லோரும் பேனல் கம்பெனியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். நம் கடற்கரைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் மின்கம்பங்களையும் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. சட்டத்தின் கால்களை வெறும் சிமெண்ட் கட்டையில் நிறுத்தி மாடியில் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். மாடித் தரையில் நங்கூர போல்ட் இறக்கி, அதன் மேல் கான்கிரீட் பீடம் போட்டு, ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்காதபடி பூசித் தர வேண்டும். இரும்பு முழுவதும் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும். நட்டு போல்ட்டெல்லாம் எவர்சில்வர். மாட்டும் இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விடும், உப்புக் காற்றில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

இன்னொன்று, இது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புயல் நாளிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரி தனியாக வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியம் இல்லை.

கையில் மொத்தப் பணம் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை வங்கிக் கடன் உண்டு, ரூ.2 லட்சம் வரை பிணை கேட்கமாட்டார்கள்.

படி 5: மீட்டர், மானியம், முதல் பில்

பேனல் மாட்டியதும் விவரங்களைத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் நீங்களும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்து, இரண்டு பக்கமும் கணக்கெடுக்கும் நெட் மீட்டரைப் பொருத்துவார்கள். அதற்கான அறிக்கை தளத்தில் ஏறியபின் வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பணம் வரவேண்டும் என்பது திட்டத்தின் கணக்கு. தாமதமானால் திட்டத்தின் உதவி எண் 15555க்கும், மீட்டர் தாமதத்துக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987க்கும் பேசுங்கள்.

முதல் பில் வந்ததும் வாங்கிய யூனிட், அனுப்பிய யூனிட் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியது பூஜ்யம் என்று காட்டினால் அந்தப் பில்லோடு அன்றைக்கே பிரிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.