ஸ்டேடியம் பார்க்கப் போகிறீர்களா? விளையாட்டு மேலாண்மை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டு மேலாண்மையில் ஆர்வம் உள்ள மாணவர்களை ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போவதும், அந்தத் துறையில் இருப்பவர்களை வகுப்புக்கு வரவழைத்துப் பேச வைப்பதும் இப்போது சகஜமாகிவிட்டது. நல்ல வழக்கம். இந்தப் படிப்பு பிறந்த விதமே அப்படித்தான். புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, 1957-ல் ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு அணியை, ஒரு மைதானத்தை நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும், அவர்களை எங்கே போய்த் தேடுவது என்பதுதான் அதன் சாரம். அந்த விதை 1966-ல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு நிர்வாகத்துக்கான முதுகலைப் படிப்பாக முளைத்தது.

ஆனால் மைதானத்துக்குப் போய்விட்டு வரும் பலரிடம் மிஞ்சுவது கொஞ்சம் போட்டோக்கள் மட்டும்தான். காரணம் எளிது. இந்தத் துறையில் உள்ள வேலைகளில் பெரும்பாலானவை பார்வையாளர் இருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றைத் தேடிப் பார்க்கிற எண்ணத்தோடு போகாவிட்டால் ஸ்டேடியமும் தன்னைக் காட்டாது, பேச வந்தவரும் பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

முதல் தவறு, ரசிகராகவே உள்ளே நுழைவது. வீரர்களின் டிரெஸ்ஸிங் ரூம், கோப்பை அலமாரி, டக் அவுட் பெஞ்சில் ஒரு செல்ஃபி என்று சுற்றுலா முடிந்துவிடுகிறது. ரசிகராக இருப்பதில் தப்பில்லை, அந்த ஆசைதானே உங்களை இங்கே கொண்டுவந்தது. ஆனால் அன்று ஒருநாள் அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் நடக்கிற அந்தச் சுற்றுப்பாதையையே யாரோ உட்கார்ந்து திட்டமிட்டிருக்கிறார்கள். அது ஏன் நினைவுப்பொருள் கடையில் வந்து முடிகிறது? 20 அணிகள் ஆடும் ஒரு கால்பந்து லீகில் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் கிடைப்பது 19 ஆட்டங்கள். மற்ற கோப்பைகளில் இன்னும் சில ஆட்டங்கள் சேரலாம். மிச்சம் உள்ள நாட்களில் இவ்வளவு பெரிய கட்டடம் சும்மா கிடந்தாலும் செலவு நிற்காது. லண்டனில் 2019-ல் திறந்த டாட்டன்ஹாம் ஸ்டேடியத்தில் கால்பந்துக்கான புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து கேலரிக்கு அடியில் போய்விடும். அந்தப் புல்தரைக்குக் கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை தயாராக இருக்கும். எதற்காக இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று யோசித்தால் வருமானம், நிகழ்ச்சி அட்டவணை, தரைப் பராமரிப்பு என்று பல வேலைகள் வரிசையாகக் கண்ணில் படும்.

அடுத்தது, நேரம். வேலை நாள் பிற்பகலில் காலியாகக் கிடக்கும் மைதானத்தைப் பார்ப்பது, சமையல் முடிந்து கழுவி வைத்த பாத்திரங்களைப் பார்ப்பது மாதிரி. முடிந்தவரை ஆட்டம் நடக்கும் நாளில், கேட் திறப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பாகப் போக அனுமதி கேளுங்கள். ஆட்டத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த மூன்று மணி நேரத்தில்தான் பாதுகாப்பு உதவியாளர்களுக்கு அன்றைய ஏற்பாடுகளைச் சொல்கிறார்கள், வாக்கி டாக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள், டிக்கெட் ஸ்கேனர் வேலை செய்கிறதா என்று கேட் கேட்டாகப் பார்க்கிறார்கள். ஒளிபரப்பு வேன்களின் கேபிள் பொதுமக்கள் நடக்கும் வழியைக் கடந்தால் அதன் மேல் யார் மூடி போடுவது என்பதற்குக்கூட ஒரு பொறுப்பாளர் இருப்பார். ஸ்பான்சர் பலகை ஒன்று கேமராவுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று யாரோ ஓடிக்கொண்டிருப்பார். இவை ஒவ்வொன்றும் ஒரு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதவிப் பெயர் உண்டு. அவற்றைக் குறித்துக்கொண்டு வந்தாலே போன காரியம் பாதி முடிந்த மாதிரி.

அப்புறம், ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் வெளியேறும் வாசல் ஒன்றின் அருகே, வழியை மறிக்காமல் நின்று பாருங்கள். 1971-ல் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து மக்கள் படிக்கட்டில் இறங்கியபோது நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1973-ல் பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி நூல் வந்தது. ‘கிரீன் கைடு’ என்று துறையில் எல்லோரும் சொல்வது அதைத்தான். பல முறை திருத்தப்பட்ட அந்த நூலின் கணக்கு இது: வழக்கமான நாளில் எல்லோரும் எட்டு நிமிடத்துக்குள் அமரும் பகுதியை விட்டு வெளியேறும் வழிகளுக்குள் வந்துவிட வேண்டும், சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டு என்றால் 66 பேர் போகலாம். மூன்று மீட்டர் அகலமுள்ள சமதள வழியில் எட்டு நிமிடத்தில் 1,968 பேர். இந்தக் கணக்கோடு அந்த வாசலைப் பாருங்கள். கேலரியில் எத்தனை இருக்கை போடலாம் என்பதை டிக்கெட்டுக்கான தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை, வாசலின் அகலமும் தீர்மானிக்கிறது என்பது புரியும். 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் 97 உயிர்கள் போனதும் கூட்டத்தைக் கையாண்டதில் நேர்ந்த பிழைகளால்தான். மேலாண்மை என்பதைச் சம்பளமும் பதவியுமாக மட்டும் நினைப்பவர்கள் இதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிய ஸ்டேடியத்தை மட்டுமே பார்ப்பதும் தவறுதான். அங்கே வேலைகள் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், உங்களுக்கு ஒரு துண்டுதான் தெரியும். சின்ன மைதானத்தில் ஒரே ஆள் முன்பதிவையும் பார்ப்பார், புல் வெட்டுபவரோடும் பேசுவார், விளம்பரப் பலகைக்கும் ஆள் பிடிப்பார். முழுப் படமும் கிடைக்கிற இடம் அது. முதல் வேலை கிடைக்க வாய்ப்புள்ள இடமும் பெரும்பாலும் அதுதான்.

சரி, விருந்தினர் பேச்சாளர் விஷயத்துக்கு வருவோம். ஏற்பாடு செய்பவர்கள் முதலில் தேடுவது பிரபலமான முன்னாள் வீரரை. அரங்கம் நிறையும், கைதட்டல் வரும். ஆனால் அவர் அனுபவம் ஆடியதில் இருக்கிறது. அவருக்கான பயணத்தையும் ஒப்பந்தத்தையும் பேட்டியையும் ஏற்பாடு செய்தவர் வேறு ஒருவர். அந்த வேறு ஒருவரைத்தான் அழைக்க வேண்டும். டிக்கெட் பிரிவில் இருப்பவர், பாதுகாப்பு அதிகாரி, ஆடுகளத் தயாரிப்பாளர், ஊடக அனுமதி அட்டைகளைக் கவனிப்பவர் என்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை என்பதாலேயே, கூப்பிட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள்.

வந்தவரிடம் ‘உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?’ என்று கேட்டால் கடின உழைப்பு, விடாமுயற்சி என்ற பதில்தான் வரும். அதை வைத்து என்ன செய்வது? ‘கடைசியாக நடந்த ஆட்டத்தன்று எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீர்கள், என்ன தப்பாகப் போனது, முடிவு எடுத்தது யார்?’ என்று கேளுங்கள். ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் உரை நிகழ்த்துவார்கள்.

எதையும் படிக்காமல் போய் உட்கார்வது இன்னொன்று. ஸ்பான்சர்ஷிப்பில் வேலை பார்ப்பவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பீட்டர் யூபரோத் தலைமையிலான ஏற்பாட்டுக் குழு ஸ்பான்சர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு பொருள் வகைக்கு ஒரே நிறுவனம் என்று தனியுரிமை கொடுத்தது. போட்டி 20 கோடி டாலருக்கு மேல் உபரியோடு முடிந்தது. அடுத்த ஆண்டே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதே அடிப்படையில் தன் உலகளாவிய ஸ்பான்சர் திட்டத்தைத் தொடங்கியது. இவ்வளவு தெரிந்திருந்தால், ‘அணிக்கு ஒரு ஷூ கம்பெனி ஸ்பான்சர், நட்சத்திர வீரருக்கு அதன் போட்டிக் கம்பெனி ஸ்பான்சர் என்றால் எப்படிச் சமாளிப்பீர்கள்?’ என்று கேட்கத் தோன்றும். அந்த ஒரு கேள்வியிலிருந்து அரை மணி நேரப் பேச்சு வரும். வீரர்களின் ஏஜெண்ட் வருகிறார் என்றால், ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய அணிக்குப் பணம் எதுவும் தராமலேயே அணி மாறலாம் என்று சொல்லி ஐரோப்பாவில் கால்பந்து வீரர்களின் ஒப்பந்தத்தையே புரட்டிப்போட்ட 1995 போஸ்மன் தீர்ப்பைப் பற்றியாவது முந்தின நாள் படித்துவிட்டு வாருங்கள்.

ஒருவர் வந்த பாதையை எல்லோருக்குமான பாதையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மேடையில் பேசுகிறவர் துறையில் நிலைத்தவர். விலகிப் போனவர்களை யாரும் அழைப்பதில்லை. அதனால், ‘உங்களோடு சேர்ந்தவர்களில் யாரெல்லாம் வேலையை விட்டார்கள், ஏன்?’ என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாலையும் வார இறுதியும் இங்கே வேலை நேரம். பெரிய போட்டிகளின் ஏற்பாட்டுக் குழுக்கள் போட்டி முடிந்ததும் கலைந்துவிடும், வேலையும் அதோடு முடியும். தன்னார்வத் தொண்டும் அப்படித்தான். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் சுமார் 70,000 தன்னார்வலர்கள் இருந்தார்கள். சில வாரங்கள் அப்படி வேலை பார்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டியதை மாதக்கணக்கில் இலவசமாகச் செய்யச் சொன்னால், அதை வாய்ப்பு என்று நம்பி ஏமாறாதீர்கள்.

உள்ளே போகும்போது கட்டுப்பாட்டு அறையைப் படம் எடுக்காதீர்கள். கழுத்தில் மாட்டிய அனுமதி அட்டையைப் பார்கோடு தெரியப் போட்டு இணையத்தில் பகிராதீர்கள். அதைப் பிரதி எடுத்து யாராவது உள்ளே நுழையப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்களை அழைத்துப் போனவர்.

கடைசியாக, கேள்வி நேரத்தில் எழுந்து வேலை கேட்பது. அத்தனை பேர் முன்னால் அவரால் பதில் சொல்ல முடியாது. அன்று இரவே ஒரு சின்ன மெயில் எழுதுங்கள். அவர் சொன்னதில் உங்கள் மனதில் நின்ற ஒரு விஷயம், அதையொட்டி ஒரே ஒரு கேள்வி, இந்தப் பிரிவில் வேறு யாரிடம் பேசலாம் என்று ஒரு வரி, இவ்வளவு போதும். பயோடேட்டாவை இணைக்க வேண்டாம். தேவைப்பட்டால் அவரே கேட்பார். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட்டு, குறித்து வைத்த பட்டியலில் அடுத்த பதவியில் இருப்பவரைத் தேடுங்கள்.