ஜிகினாவைக் குறை என்று நினைக்காதீர்கள்: ஜேம்ஸ் பிட்குட்டின் படங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலடிக் குகை, நீல வெளிச்சம், உடம்பெல்லாம் மினுமினுக்க ஓர் ஆண். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜேம்ஸ் பிட்குட் 1960களின் தொடக்கத்தில் எடுத்த படம் இது. பார்த்ததும் 'எந்தக் கடல்?' என்றோ 'எந்த சாஃப்ட்வேர்?' என்றோ கேட்கத் தோன்றும். முதல் தவறு அதுதான்.

நியூயார்க்கில் அவர் குடியிருந்த சின்ன வீட்டின் தரைதான் கடல். அதில் வெள்ளி ஜிகினாத் துணியை விரித்தார். மெழுகுக் காகிதத்தை வளைத்துக் குகை கட்டினார். சிவப்பு ஜிகினாத் துணியில் ஒரு சிங்கி இறாலையும் செய்து வைத்தார். மாடலாக நின்றவர் ஒரு நடனக் கலைஞர். அவர் உடம்பில் எண்ணெய் பூசி அதன்மேல் மினுக்குப் பொடியும் சமிக்கியும் ஒட்டினார். படப்பெட்டியைத் தொடுவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது.

'எல்லாம் செயற்கையாக இருக்கிறதே' என்று உதட்டைப் பிதுக்குவது அடுத்த தவறு. செயற்கை என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார். 'கேம்ப்' என்கிற ரசனையின் உயிரே அந்த வேண்டுமென்றே செய்யும் மிகைதான். அதைக் கேலி என்று மட்டும் படித்தாலும் பாதிதான் பிடிபடும். பிட்குட் தன் ஆண்களைக் கிண்டல் செய்யவில்லை, ஆராதித்தார். 1933இல் விஸ்கான்சினில் பிறந்து 1951இல் நியூயார்க் வந்தவர். கிளப் 82 என்ற கேளிக்கை விடுதியில் பெண் வேடம் கட்டி ஆடினார். அங்கேயே உடையும் தைத்தார், மேடையும் அமைத்தார். பார்சன்ஸ் கல்லூரியில் வடிவமைப்பு படித்தார். கடைகளின் கண்ணாடி முகப்புகளை அலங்கரித்தும், பணக்காரர்களின் நடன விருந்துகளுக்கு உடை வடிவமைத்தும் பிழைத்தார். 'பிளேபாய்' என்ற ஆண்கள் இதழில் வரும் பெண்களுக்கு இறகும் ரோமமும் அழகான வெளிச்சமும் கிடைக்கும்போது ஆண்களின் படங்கள் மட்டும் ஏன் இத்தனை வறட்சியாக இருக்கின்றன என்பது அவருடைய ஆதங்கம். எனக்கென்னவோ அது புகைப்படக்காரரின் ஆதங்கமாகப் படவில்லை, தையல்காரரின் ஆதங்கமாகவே படுகிறது.

இன்றைய கண்ணால் பார்த்து 'இவ்வளவுதானா துணிச்சல்?' என்று கேட்பவர்களும் உண்டு. அன்றைய அமெரிக்காவில் ஆண்களின் அரைநிர்வாணப் படங்கள் 'உடற்கட்டு' இதழ்கள் என்ற போர்வையில்தான் விற்றன. தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களுக்காக வெளிவந்த அப்படிப்பட்ட இதழ்களை ஆபாசம் என்று சொல்லி அஞ்சல் துறை அனுப்ப மறுத்தது. அந்த வழக்கில் 1962இல்தான் உச்ச நீதிமன்றம் இதழ்களின் பக்கம் நின்றது. ஆண்களுக்கு இடையிலான உறவு நியூயார்க் மாநிலத்தில் 1980 வரை குற்றம். பிட்குட்டின் படங்களும் அதே இதழ்களில்தான் வந்தன. ஆனால் ஜிகினா ஒட்டிய ஆணைக் காட்டி உடற்பயிற்சி என்று சாக்குச் சொல்ல முடியுமா?

அவர் இயக்கிய 'பிங்க் நார்சிசஸ்' என்ற திரைப்படத்தைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. 1963 முதல் 1970 வரை, பெரும்பாலும் அதே வீட்டுக்குள் எடுத்தது. பணம் போட்டவர்கள் பொறுமையிழந்து, அவர் சம்மதம் இல்லாமலே படத்தொகுப்பை முடித்து 1971இல் வெளியிட்டார்கள். கோபத்தில் அவர் தன் பெயரை நீக்கச் சொன்னார். திரையில் 'அனானிமஸ்' என்றுதான் வந்தது. பாப் கலைஞர் ஆண்டி வார்ஹால் எடுத்தது, சோதனைப் பட இயக்குநர் கென்னத் ஆங்கர் எடுத்தது என்றெல்லாம் பேச்சு பல காலம் சுற்றியது. ஆகவே வெட்டு சரியில்லை, கதை ஓடவில்லை என்று அவரைத் திட்டாதீர்கள். சட்டகங்களைப் பாருங்கள், அவை அவருடையவை.

பிரான்சின் கலைஞர்களான பியர், ஜில் இணையரின் படங்களோடு இவருடையதைப் போட்டுக் குழப்புவதும் சகஜம். அவர்கள் 1976இலிருந்து சேர்ந்து வேலை செய்பவர்கள். பியர் படம் எடுப்பார், ஜில் அதன்மேல் வண்ணம் தீட்டுவார். பிட்குட்டின் மாயமெல்லாம் படப்பெட்டிக்கு முன்னாலேயே நடந்து முடிந்தது.

கடைசியாக ஒன்று: கைப்பேசித் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே பார்க்காதீர்கள். பெரிதாக்கி, தரையைப் பாருங்கள். ஜிகினாத் துணியின் மடிப்புகள் தெரியும். அவைதாம் அலைகள்.