ரீப்ரீதர் எப்படி இயங்குகிறது, எவ்வளவு செலவாகும்

அலிவால் ஷோல் பாறைத்திட்டு பெரும்பாலும் 30 மீட்டருக்குள் அடங்கிவிடும். டர்பனிலிருந்தும் உம்சிந்தோவிலிருந்தும் வார இறுதியில் உம்கோமாஸ் வந்து இறங்கும் நம்மவர்களுக்கு அங்கே ஒரு சிலிண்டர் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) தாராளம். விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவியான ரீப்ரீதருக்கு உண்மையான தேவை இரண்டு வேலைகளில்தான்: குமிழிச் சத்தத்துக்கு மிரளும் மீன்களைப் பக்கத்திலிருந்து படமெடுக்க, அல்லது சொத்வானா விரிகுடாவின் கடலடிப் பள்ளத்தாக்குகளைப் போன்ற ஆழத்துக்குப் போக. 2000-இல் டைவர்கள் சீலகாந்த் மீனைக் கண்டது அந்தப் பள்ளத்தாக்கில்தான், 100 மீட்டருக்குச் சற்றுக் கீழே.

நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே விடும்போதும் 16, 17 சதவீதம் மிச்சமிருக்கிறது. சாதாரண டைவிங்கில் அது குமிழியாகப் போய்விடும். ஆழம் கூடக்கூட நஷ்டமும் கூடும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு 40 மீட்டரில் 100 லிட்டர் வேண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டர் 24 நிமிடத்தில் காலி. உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனோ எந்த ஆழத்திலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதனால் ரீப்ரீதரின் சின்ன 3 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் மணிக்கணக்கில் வரும்.

வாயில் கவ்வும் பகுதியில் இரண்டு ஒருவழி வால்வுகள் இருக்கும். விட்ட மூச்சு ஒரு குழாய் வழியாக மூச்சுப்பைக்கும் அங்கிருந்து ஸ்க்ரப்பருக்கும் போய், கார்பன் டை ஆக்சைடு நீங்கி, மறு குழாய் வழியாக வாய்க்குத் திரும்புகிறது. குறையும் ஆக்சிஜனை ஒரு சிலிண்டர் ஈடுகட்டும். டிலுவென்ட் எனப்படும் இரண்டாவது சிலிண்டர், இறங்கும்போது அழுத்தத்தால் சுருங்கும் மூச்சுப்பையை நிரப்பும். டிலுவென்டாகக் காற்றைப் போட்டால் 30 மீட்டரோடு நிற்பது நல்லது. அதற்குக் கீழே வாயு அடர்ந்து மூச்சுவிடுவதே வேலையாகிவிடும். ஹீலியம் கலக்க வேண்டும்.

ஸ்க்ரப்பரில் போடுவது சோடா லைம். பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, கூடவே ஈரம். கார்பன் டை ஆக்சைடு இதோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாக மாறும்போது வெப்பம் வெளிப்படும். பல கருவிகள் ஒரு தடவைக்கு இரண்டரை கிலோ கொள்ளும். சுமார் மூன்று மணி நேரம் தாங்கும். குளிர்ந்த நீர், ஆழம், கடும் உழைப்பு எல்லாம் அந்த நேரத்தைக் குறைக்கும். நிரப்புகிற விதம்தான் முக்கியம். படியில் அரிசியைத் தட்டி அளப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பக்கவாட்டில் தட்டித் தட்டி இறக்குங்கள். இடைவெளி விட்டால் மூச்சு அந்த ஓட்டை வழியே சுத்தமாகாமல் ஓடிவிடும். ரப்பர் டக் படகில் அலையை உடைத்துப் போகும்போது விழும் குலுக்கல், தளர்வாக நிரப்பியதை இன்னும் கீழே இறக்கிவிடும். அலை தாண்டும்வரை வாய் வால்வு மூடியே இருக்கட்டும். தண்ணீர் புகுந்து சோடா லைமில் கலந்தால் வாய்க்கு வருவது காரக் கரைசல், தொண்டை வெந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு ஏறினால் தலைவலி, மூச்சிரைப்பு. அதற்குப்பின் வேறு ரெகுலேட்டருக்கு மாற ஒரு மூச்சை அடக்கக்கூட முடியாது. வடக்குக் கேப் மாகாணத்தின் போஸ்மன்ஸ்காட் நீர்க்குகையில் 2005 ஜனவரியில் டைவர் டேவ் ஷா 270 மீட்டரில் இறந்தது இதனால்தான். அவர் தலையில் இருந்த கேமராவில் மூச்சு மேலும் மேலும் வேகமாவது பதிவாகியிருந்தது.

ஆக்சிஜன் பக்கம் ஆபத்து சத்தமே போடாது. மூச்சுவாயுவில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் மயக்கம், 1.6-ஐத் தாண்டினால் வலிப்பு. முன்னறிவிப்பு வரும் என்று நம்பாதீர்கள். அடியில் பெரும்பாலும் 1.2 அல்லது 1.3-இல் வைப்பார்கள். அளப்பது ஆக்சிஜனை உணரும் மூன்று செல்கள். காற்றில் 10 மில்லிவோல்ட் காட்டும் செல், தூய ஆக்சிஜனில் 47, 48 காட்ட வேண்டும். 40-இல் நின்றால் தூக்கிப்போடுங்கள். பழைய செல் ஓரளவுக்கு மேல் ஏறாது. ஆக்சிஜன் குறைவு என்று கருவி தப்பாக நினைத்து மேலும் மேலும் செலுத்தும். இரண்டு செல் ஒன்றாகக் கிழடானால், மூன்றில் சரியாக இருக்கும் ஒன்றைத்தான் கருவி ஒதுக்கும்! அதனால் மூன்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். அடியில் சந்தேகம் வந்தால் மூச்சு சுற்றிவரும் பாதை முழுவதையும் டிலுவென்டால் கழுவுங்கள்: 30 மீட்டரில் காற்று என்றால் 0.84 காட்டியே ஆக வேண்டும்.

கரையிலேயே முடிக்க வேண்டியவை: வாயால் உறிஞ்சி வெற்றிடமாக்கி ஒரு சோதனை, ஊதி நிரப்பி இன்னொன்று. இரண்டிலும் அழுத்தம் அசையாமல் நிற்க வேண்டும். ஒருவழி வால்வுகளைக் குழாயைப் பிடித்து ஊதிப் பாருங்கள். பிறகு ஐந்து நிமிடம் மூக்கை அடைத்து, திரையைப் பார்த்தபடி மூச்சுவிடுங்கள். சோலனாய்டு என்ற மின்வால்வு ஆக்சிஜன் விடுகிறதா என்பது அதில் தெரியும். சோடா லைம் சரியில்லை என்பது தெரியும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

கருவி கெட்டால் மாறிக்கொள்ளும் பெயில்-அவுட் சிலிண்டர் இல்லாமல் இறங்கவே கூடாது. பதற்றத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கொண்டால், 30 மீட்டரில் இரண்டு நிமிடம் தடுமாறி, மெல்ல ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க ஏறக்குறைய 800 லிட்டர் ஆகும். 200 பாரில் 7 லிட்டர் சிலிண்டர் போதும். ஏறும்போது கட்டாயமாக நின்று நின்று வர வேண்டிய டீகம்ப்ரஷன் இருந்தால் போதாது.

விலைக்கு வருவோம். புதிய எலெக்ட்ரானிக் கருவி பெரும்பாலும் 8,000 முதல் 12,000 டாலர். டாலருக்கு 18 ராண்ட் வைத்தால் 1,44,000 முதல் 2,16,000 ராண்ட். இறக்குமதியில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி (VAT) தனி. கையால் ஆக்சிஜன் விடும் மேனுவல் வகை 5,000 டாலரிலிருந்து. பயிற்சி 1,000 முதல் 2,000 டாலர். அது அந்த ஒரு மாடலுக்கு மட்டும். வேறு கருவிக்கு மாறினால் மறுபடி படிக்க வேண்டும். செல் ஒன்று 80 முதல் 120 டாலர், வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். 20 கிலோ சோடா லைம் டப்பா எட்டு நிரப்பலுக்குத்தான் வரும். வாங்கும் விலையைவிட இந்தத் தொடர் செலவைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்தில் பத்து தடவை இறங்குபவருக்கு இது கட்டாது என்பது என் கணிப்பு.

பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். பார்க்கும்போது வால்வின் ரப்பர் இதழ்களையும் மூச்சுப்பையின் தையலையும் தடவிப் பாருங்கள். செல்லில் அச்சிட்ட தயாரிப்புத் தேதி 18 மாதத்தைத் தாண்டியிருந்தால் மூன்று செல்லின் விலையையும் கழித்துப் பேரம் பேசுங்கள்.