தீர்ப்பை மேற்கோள் காட்டும் முன்

ஜூனியராக இருந்தபோது ஒரு தீர்ப்பின் ஹெட்நோட்டை (தீர்ப்புக்கு முன்னால் அச்சிடும் சுருக்கம்) மட்டும் படித்து மனு எழுதிவிட்டேன். அப்புறம் முழுத் தீர்ப்பைத் திறந்தால், நான் எடுத்த வரி தோற்ற தரப்பின் வாதம்! ஹெட்நோட் பெரும்பாலும் பதிப்பாசிரியர் எழுதும் சுருக்கம்தான். அன்றிலிருந்து மூலத்தைப் படிக்காமல் எதையும் எழுதுவதில்லை.

முதலில், கையில் இருப்பது சட்டமா, தீர்ப்பா, யாரோ எழுதிய விளக்கமா என்று பாருங்கள். பாடநூலும் கட்டுரையும் வழி காட்டும், அவ்வளவுதான். சட்டம் என்றால் அரசிதழ் வாசகத்தோடு ஒப்பிடுங்கள். சம்பவம் நடந்த நாளில் எந்தத் திருத்தம் அமலில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புக்குத்தான் அதிக நேரம் வேண்டும். எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள், மேல்முறையீட்டில் நின்றதா? உங்கள் வரி பெரும்பான்மைத் தீர்ப்பில் இருக்கிறதா, மாறுபட்ட தீர்ப்பிலா? முடிவுக்குத் தேவைப்பட்ட காரணமா, போகிற போக்கில் சொன்ன கருத்தா? போகிற போக்கில் சொன்னது கீழ் நீதிமன்றங்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது.

செயற்கை நுண்ணறிவு தரும் வழக்குப் பெயரை அப்படியே நம்பவே நம்பாதீர்கள். சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. 'இது உண்மையான வழக்கா?' என்று அதனிடமே கேட்டிருந்தார்கள். ஆமாம் என்றே பதில் வந்தது. நீதிமன்றத்தின் சொந்தத் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.