செடி வளர்வதையும் உணவு ஆக்குவதையும் வேறு பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு செடி உயர்ந்துகொண்டே போனால் அது நன்றாக உணவு ஆக்குகிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணம் பாதிதான் சரி. வளர்வது ஒரு வேலை, உணவு ஆக்குவது இன்னொரு வேலை. சேமித்து வைத்த உணவைச் செலவழித்தே ஒரு செடி ஓரளவு வளர்ந்துவிட முடியும், வளராமல் நின்ற செடியும் உணவு ஆக்கிக்கொண்டிருக்க முடியும். இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொண்டால் ஒளிச்சேர்க்கை, வளர்ச்சி, தகவமைப்பு என்று பாடநூல்கள் தனித்தனியே சொல்பவை ஒன்றோடொன்று பொருந்திவிடும். வீட்டிலோ வகுப்பறையிலோ செய்துபார்க்கக்கூடிய சில சோதனைகளால் அதைக் கண்ணால் காண்பதற்கான வழிமுறைகள் கீழே தரப்படுகின்றன.

இருட்டுப் பயிரின் எடை

முதல் சோதனைக்குப் பச்சைப் பயறு ஏற்றது, ஏனெனில் அது விரைவில் முளைக்கும். பூச்சி அரிக்காத பயறுகளாகப் பார்த்து நூறு நூறாக மூன்று பங்கு எண்ணி எடுத்து, மூன்றின் எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்குமாறு சரிசெய்துகொள்ளுங்கள். கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு வேண்டும். அதைவிடக் கரடுமுரடான தராசில் இந்தச் சோதனையின் முடிவு தெரியாது. முதல் பங்கை விதைக்காமல் அப்படியே வையுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் நன்றாகக் கழுவிய மணலில் விதைத்து, ஒன்றை வெயில் படும் இடத்திலும் மற்றொன்றை ஒளி சிறிதும் புகாத பெட்டிக்குள்ளும் வைத்து, இரண்டுக்கும் வெறும் நீரை மட்டும் ஊற்றுங்கள். மண்ணை விட்டு மணலைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு: பிறகு வேரை அறுந்துபோகாமல் கழுவி எடுக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இருட்டில் இருந்த பயிர்தான் நெடிதாக இருக்கும். தண்டு வெளிறி, மெலிந்து, நிற்க வலுவில்லாமல் சாய்ந்திருக்கும். இலைகள் மஞ்சளாகவும் விரியாமலும் இருக்கும். வெயிலில் வளர்ந்தது அதைவிடக் குட்டையாக, தடித்த தண்டும் விரிந்த பச்சை இலைகளுமாக நிற்கும். இந்த இடத்தில் உயரத்தை மட்டும் அளந்து நிறுத்தினால் தவறான முடிவுக்குத்தான் போவோம். எனவே எல்லாப் பயிர்களையும் வேரோடு பிடுங்கி, மணல் போகக் கழுவி, உதிர்ந்த விதைத் தோல்களையும் சுருங்கி விழுந்த விதையிலைகளையும்கூடத் தவறாமல் பொறுக்கிச் சேர்த்து, விதைக்காமல் வைத்த முதல் பங்கையும் உடன் வைத்து, மூன்றையும் எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்துங்கள். முதல் பங்கையும் உலர்த்துவது அவசியம். காய்ந்ததாகத் தோன்றும் பயற்றிலும் ஓரளவு நீர் இருக்கிறது.

உலர்ந்த பின் நிறுத்தால், ஒரு சாண் உயரம் வளர்ந்த இருட்டுப் பயிர், தான் முளைத்த விதையைவிட எடை குறைந்திருப்பதைக் காணலாம். அது விதையிலைகளில் இருந்த மாவுச்சத்தையும் புரதத்தையும் சுவாசித்துச் செலவழித்து, அதன் ஒரு பகுதியைக் கரியமில வாயுவாக வெளியேற்றி, எஞ்சியதை நீட்டி நீட்டி ஒளியைத் தேடியிருக்கிறது. உயரத்தில் பெரும்பங்கு நீரேறி நீண்ட செல்கள்தான். வெயில் பயிரோ விதையைவிட எடை கூடியிருக்கும். கூடிய அந்த எடை மணலிலிருந்து வந்ததன்று, ஏனெனில் கழுவிய மணலில் கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

இதே கேள்வியைத்தான் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மான்ட் பெரிய அளவில் கேட்டார். உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆயிற்று. மண் இழந்ததோ சுமார் இரண்டு அவுன்ஸ். அவர் இறந்த பின் 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். நீருக்கும் பங்கு உண்டு என்றாலும், மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதியாகிய கார்பனும் ஆக்சிஜனும் காற்றிலிருந்து வந்தவை. காற்றில் கரியமில வாயு நூற்றில் 0.04 பங்கு அளவே இருக்கிறது. அவ்வளவு சொற்பமான ஒன்றிலிருந்து ஒரு மரம் தன் உடலைத் திரட்டிக்கொள்கிறது என்பதை நான் எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு குறைவதில்லை.

இலையில் மாவுச்சத்தைக் காண்பது

எடை கூடியதைப் பார்த்தாயிற்று. அடுத்து, உணவு இலையின் எந்தப் பகுதியில் உண்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1860களில் ஜெர்மன் தாவரவியலாளர் யூலியஸ் ஸாக்ஸ் காட்டிய வழியே இன்றும் நல்ல வழி. அவரை போன்று மெல்லிய, மென்மையான இலையுள்ள தொட்டிச் செடியைத் தேர்ந்தெடுங்கள். வெங்காய இனச் செடிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் இலைகள் பெரும்பாலும் சர்க்கரையாகவே உணவை வைத்திருப்பதால் அங்கு உணவே இல்லை என்பது போன்ற பொய்யான விடை கிடைக்கும்.

செடியை இரண்டு நாள் முழு இருட்டில் வையுங்கள். இலையில் ஏற்கெனவே இருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறித் தண்டுக்கும் வேருக்கும் போய்விடும். பின்பு ஒரு இலையின் நடுவில் கறுப்புத் தாளை மேலும் கீழும் வைத்துக் கிளிப்பால் பிடித்து, செடியை ஐந்தாறு மணி நேரம் நல்ல வெயிலில் நிறுத்துங்கள். இலையைப் பறித்தவுடன் கொதிநீரில் ஒரு நிமிடம் இட வேண்டும். செல்கள் இறந்து, உள்ளே நடக்கும் மாற்றங்கள் அந்த நிலையிலேயே நின்றுவிடும், சவ்வுகளும் பிற பொருள்களை உள்ளே விடும்.

அடுத்த படியில் மிகுந்த கவனம் தேவை. பச்சையத்தை நீக்க ஆல்கஹாலில் இலையை ஊறவைக்க வேண்டும், ஆனால் ஆல்கஹாலை ஒருபோதும் அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது; அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்பை அணைத்துவிட்டு, சுடுநீர் உள்ள பாத்திரத்துக்குள் ஆல்கஹாலும் இலையும் உள்ள சிறு கண்ணாடிக் குவளையை நிறுத்தினால் போதும். சிறுவர்கள் செய்வதானால் இந்தப் படியைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். சில நிமிடங்களில் திரவம் பச்சையாகும், இலை வெளிறி மொரமொரப்பாகிவிடும். அதை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மென்மையாக்கி, வெள்ளைத் தட்டில் விரித்து, வெளிர் பழுப்பு நிறமாகும்வரை நீர் கலந்த அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

அயோடின் மாவுச்சத்தோடு சேர்ந்தால் கருநீலமாகும் என்பதால், வெயில் பட்ட பகுதி கருநீலமாக மாறும். தாள் மறைத்திருந்த பகுதி அயோடினின் பழுப்பு நிறத்திலேயே இருக்கும், அதன் விளிம்பு தாளின் விளிம்பு எப்படி இருந்ததோ அப்படியே தெரியும். வெள்ளைத் திட்டுகள் உள்ள இலையில் தாள் வைக்காமலே இதைச் செய்தால், பச்சை இருந்த இடம் மட்டும் கருத்து, வெள்ளை இருந்த இடம் பழுப்பாகவே நிற்கும். அந்த வெள்ளைப் பகுதியும் உயிருள்ளதுதான், வளர்ந்ததுதான். பக்கத்துப் பச்சைப் பகுதி அனுப்பிய சர்க்கரையில் அது வாழ்ந்திருக்கிறது. உணவு ஆக்காத இடமும் வளரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒளியை நோக்கி வளைவது

வளர்ச்சியைத் தனியாகப் பார்க்க, கோதுமையை இருட்டில் முளைக்க வைத்து, முளையின் உறை இரண்டு சென்டிமீட்டர் அளவு எழும்பியதும் எடுத்துக்கொள்ளுங்கள். சில முளைகளின் நுனிக்கு அலுமினியத் தாளால் சிறு தொப்பி போடுங்கள். வேறு சிலவற்றுக்கு நுனியை விட்டு அடிப்பகுதியில் மட்டும் தாளைச் சுற்றுங்கள். மீதியைச் சும்மா விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட பெட்டிக்குள் வைத்தால், உள்ளிருந்து இலை வெளிவருமுன், தொப்பி போடாதவை எல்லாம் துளையை நோக்கி வளைந்திருக்கும், தொப்பி போட்டவை நேராக நிற்கும். சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் புல் முளைகளில் செய்து 1880இல் வெளியிட்ட சோதனை இத்தகையது. ஒளியை உணர்வது நுனி. வளைவதோ அதற்குக் கீழுள்ள பகுதி. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நிழல் பக்கத்தில் மிகுதியாகச் சேர்வதால், அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீளுகின்றன.

தகவமைப்பை அளந்து பார்ப்பது

தகவமைப்பு என்றவுடன் கள்ளியின் முள்ளைச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் எல்லா இலைக்கும் பொதுவான ஒரு சிக்கலிலிருந்து தொடங்கினால் விஷயம் விளங்கும்: கரியமில வாயு உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும், திறந்தால் நீராவி வெளியே போய்விடும். பெரும்பாலான செடிகள் உள்ளே எடுக்கும் ஒவ்வொரு கரியமில வாயு மூலக்கூறுக்கும் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கின்றன.

இலைத்துளைகளைப் பார்க்க, இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, நன்கு காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி நுண்ணோக்கியில் வையுங்கள். மேற்பக்கத்திலும் இப்படியே ஓர் அச்சு எடுத்து ஒப்பிடுங்கள். தரைச் செடிகள் பலவற்றில் துளைகள் அடிப்பக்கத்தில்தான் அதிகம். நீரில் மிதக்கும் அல்லி இலையில் அவை மேற்பக்கத்தில் இருக்கும். அரளி இலையிலோ துளைகள் மயிரடர்ந்த குழிகளுக்குள் இருப்பதால் அச்சில் அவை தெரியாது, குழிகளின் வாய்கள்தான் தெரியும். அரளி நச்சுச் செடி. தொட்டபின் கையைக் கழுவிவிடுங்கள்.

சில செடிகள் இந்தச் சிக்கலை நேரத்தை மாற்றித் தீர்த்துக்கொள்கின்றன. ரணகள்ளி இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்துச் சர்க்கரை ஆக்குகிறது. காலையில் அதன் இலை புளிப்பாக இருப்பதையும் பகலில் புளிப்பு மறைவதையும் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் 1815இல் வெளியான கடிதத்தில் குறித்திருக்கிறார். நாவில் வைத்துச் சோதிக்க வேண்டாம், அந்த இனத்தில் நச்சுப் பொருள்கள் உண்டு. விடியற்காலையில் ஓர் இலையையும், வெயில் நாளின் மாலையில் அதே செடியின் அதே அளவுள்ள இன்னோர் இலையையும் பறித்து, ஒவ்வொன்றையும் சம அளவு காய்ச்சி வடித்த நீரில் நசுக்கி, அமிலத்தன்மையை எண்ணால் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். லிட்மஸ் தாள் இதற்குப் போதாது, ஏனெனில் இரண்டு நேரத்திலும் அது சிவப்பையே காட்டக்கூடும். எண் அளவு காட்டும் தாள்தான் வேண்டும். காலைச் சாற்றின் பி.எச். எண் மாலைச் சாற்றின் எண்ணைவிடக் குறைவாக, அதாவது அமிலம் மிகுந்ததாக இருக்கும். அதே நேரங்களில் அவரை இலையையும் இப்படிச் சோதித்து அருகருகே குறித்துக்கொள்ளுங்கள். அதில் இத்தகைய ஏற்ற இறக்கம் இராது. ரணகள்ளிச் சாற்றில் வேறுபாடு தெளிவாகத் தெரியாவிட்டால், செடிக்குச் சில நாள் முழு வெயில் கிடைக்குமாறு வைத்துவிட்டு, மாலை இலையைச் சற்றுப் பிந்தி, இருட்டுவதற்குச் சிறிது முன்னால் பறித்து மறுபடி செய்யுங்கள்.