போஸ்ட்டாக் விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

முனைவர் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருக்கும் பலர், போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் செய்யும் ஆய்வுப் பணி) தேர்வை இன்னொரு கல்லூரி அட்மிஷன் போலவே நினைக்கிறார்கள். மதிப்பெண்ணையும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அடுக்கினால் இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. தேர்வு செய்பவர் மனதில் ஓடும் கேள்வி வேறு: அடுத்த 2, 3 ஆண்டுகளில் இவர் இங்கே எதைச் செய்து முடிப்பார்?

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பேராசிரியர் தன் திட்ட நிதியில் ஆள் எடுத்தால், பெரும்பாலும் முடிவு அவருடையது. அந்தத் திட்டத்துக்குத் தேவையான திறன் உங்களிடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஃபெலோஷிப், அதாவது உங்கள் பெயரிலேயே கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை என்றால், உங்கள் ஆய்வுத் திட்டத்தை வெளி மதிப்பீட்டாளர்கள் படிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புவது பெரிய தவறு.

ஆய்வுத் திட்டத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். சிலர் தங்கள் முனைவர் பட்ட ஆய்வையே நீட்டி எழுதுகிறார்கள். அப்படியானால் இடம் மாறுவது எதற்கு என்று கேட்பார்கள். சிலர் அந்த ஆய்வுக்கூடம் செய்வதையே திருப்பிச் சொல்கிறார்கள்; அதற்கு நீங்கள் எதற்கு? நீங்கள் கொண்டுவரும் ஒரு திறனும், அங்கே மட்டுமே கற்கக்கூடிய இன்னொன்றும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும் என்ற கேள்வியாக உங்கள் ஆய்வுக் கேள்வி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா க்யூரி ஃபெலோஷிப்பில் மொத்த மதிப்பெண்ணில் ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் விதத்துக்கு 20. பலர் முதல் பகுதியிலேயே முழு உழைப்பையும் கொட்டிவிட்டு, மீதிப் பாதியைக் கடைசி இரவில் எழுதுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

தகுதி விதியை முதல் நாளே படியுங்கள். அதே ஃபெலோஷிப்பில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் ஆய்வு செய்யப் போகும் நாட்டில் வசித்திருந்தால் தகுதியே இல்லை. திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பெயரைத் தேடாதீர்கள். உங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர் எழுதும் கடிதத்தில்தான், சோதனை தோற்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இருக்கும். அவருக்கு ஒரு மாதமாவது நேரம் கொடுங்கள்.

அப்புறம் நேர்காணல். பத்துப் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையைக் காட்டி, “இதில் உங்கள் பங்கு என்ன?” என்று கேட்பார்கள். “நாங்கள் செய்தோம்” என்று மழுப்பாமல், நீங்கள் செய்ததை மட்டும் இரண்டே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள்.